மூன்றாம் ஈட்டின் சீட்டு

அன்று காலை பதினொரு மணிக்கு, ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், பெரிய டாக்டரின் அறையில் கூடியவர்கள் ஐந்து பேர். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, கை வைத்த நாற்காலியில் பெரிய டாக்டர். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி, தலைமை நர்ஸ். எதிர்வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், எந்த நிமிஷமும் எழுந்து ஓடிவிடுகிறவன் போல நுனியில் உட்கார்ந்திருந்தவன் நீராவி மெஷினை ஓட்டுகிறவன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முக்காலி. அதில் மூட்டை கட்டுகிற அக்கா. மேஜையின் கடைசியில், பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அத்தாட்சி.

அத்தாட்சி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. யார் எதைச் சொன்னாலும், "நீங்க பார்த்தீங்களா? பார்த்தது யாரு? எழுத்துல இருக்கா?" என்று மூன்று கேள்வி கேட்பார், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். கடவுளையும் இந்த மூன்று கேள்வியிலிருந்து அவர் விட்டுவைத்ததில்லை. வீட்டில் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். அதில் மதத்துக்கு ஒரு பத்தி. படைத்தவர் யார், எத்தனை நாளில் படைத்தார், கோபம் வருமா, மன்னிப்பாரா, செத்த பிறகு என்ன என்று இடது ஓரத்தில் கேள்விகள் வரிசையாக இறங்கும். பதில்கள் ஒன்றுக்கொன்று ஏழாம் பொருத்தம். ஒரே ஒரு வரியில் மட்டும் எல்லாப் பத்தியிலும் ஒரே பதில்: எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "பார்க்கிறார், சரி. எந்த விசாரணைக்காவது வந்து சாட்சி சொல்லியிருக்கிறாரா?" இந்த மாதிரி சமாச்சாரங்களைப் பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதி, வாரம் ஒன்று தபாலில் சேர்ப்பார். பாதி அச்சாகும்.

ஆஸ்பத்திரியில் அவர் வேலை பதிவேடு எழுதுவது. ஆபரேஷன் கருவிகளைத் துணியில் சுற்றி மூட்டை மூட்டையாக அக்கா மெஷினுக்குள் அடுக்குவாள். கதவைச் சாத்தி நீராவி ஏற்றிக் கிருமி போக்கி எடுப்பார்கள். அப்படி ஒரு தடவை வைத்து எடுப்பது ஒரு ஈடு. ஒவ்வோர் ஈட்டிலும் இரண்டு காகிதச் சீட்டு இருக்கும். ஒன்று நட்டநடு மூட்டையில், ஒன்று கதவோரத்தில். இரண்டின் பின்பக்கத்திலும் ஈட்டின் எண்ணை அக்கா பென்சிலால் எழுதிவிடுவாள். நீராவி ஒழுங்காகப் பாய்ந்தால் சீட்டில் உள்ள கோடு கன்னங்கரேலென்று கறுக்கும். பாயாவிட்டால் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். கதவோரச் சீட்டைத் தூக்கி எறிந்துவிடலாம். நடுச் சீட்டைத்தான் அத்தாட்சி தன் கண்ணால் பார்த்து, பதிவேட்டில் ஒட்டி, பக்கத்தில் "கறுத்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்த பிறகுதான் மூட்டைகள் ஆபரேஷன் அறைக்குப் போகும்.

போன வியாழக்கிழமை மூன்றாம் ஈட்டுக் கருவிகளால் ஆபரேஷன் செய்துகொண்ட மூன்று பேருக்குப் புண் சீழ் பிடித்துவிட்டது. இரண்டு பேர் தேறிவிட்டார்கள். மூன்றாவது ஆள், ஒரு பஸ் டிரைவர், தனி அறையில் கண் திறக்காமல் கிடந்தார். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. யார் மேல் தவறு என்று இன்று நாலு மணித் தபாலில் பதில் புறப்பட வேண்டும். பதில் இரண்டு உறைகளில். ஒன்று பெரிய டாக்டரின் அறிக்கை. இன்னொன்று பதிவேட்டுக்காரர் தன் கைப்பட எழுதி, தானே ஒட்டி அனுப்பும் வாக்குமூலம்.

"நேரா விஷயத்துக்கு வரேன்," என்றார் பெரிய டாக்டர். நெற்றித் திருநீறு வியர்வையில் பாதி கரைந்திருந்தது. "மெஷின் ஓடியிருக்கு. சீட்டு கறுத்திருக்கு. பதிவேட்டுல ஏறியிருக்கு. அதுக்கப்புறம் மூட்டையைத் தொட்டது நீங்க ஒருத்திதாம்மா. ஈரம் காயறதுக்கு முன்னாடி எடுத்து வச்சிருக்கீங்க. ஈரத் துணியில கிருமி ஏறாம என்ன பண்ணும்?"

"காய விட்டுத்தான் எடுத்தேன் டாக்டர்," என்றாள் அக்கா. குரல் முக்காலியைத் தாண்டி வரவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்கு ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து அவசரப்படுத்தினாங்க இல்ல?"

"அவசரப்படுத்தினாங்க. ஆனா காய விட்டுத்தான் எடுத்தேன். அல்லாவுக்குத் தெரியும்."

"கர்த்தருக்கும் தெரியும்," என்று தலைமை நர்ஸ் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை விரலால் நெருடினாள். "யாரையும் சட்டுனு குற்றவாளி ஆக்கிடாதீங்க டாக்டர்."

"எல்லா சாமிக்கும் தெரியும் சிஸ்டர்," என்றான் மெஷின்காரன், தரையைப் பார்த்து.

"மேல இருக்கறவன் பார்த்துட்டுத்தான் இருக்கான்," என்றார் பெரிய டாக்டர். "ஆனா அவனுக்குத் தெரிஞ்சது மேலிடத்துக்குத் தெரியாதே. அவங்களுக்குக் காகிதம் வேணும்."

வேறொரு நாளாக இருந்தால் அத்தாட்சிக்கு இது விருந்து. நாலு வாய், மூன்று மதம், ஒரே சாட்சி. அந்தச் சாட்சிக்கு மட்டும் இந்த அறையில் நாற்காலி இல்லை. இன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய டாக்டர் அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"நமக்கு இவர் இருக்கார். கடவுளையே கண்ணால பார்க்காம நம்பமாட்டேன்னு முப்பது வருஷமா ஒத்தக் கால்ல நிக்கற மனுஷன். இவர் கறுத்ததுன்னு எழுதினா அது கறுத்ததுதான். அதை எவனும் அசைக்க முடியாது. இல்லையா சார்?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். அத்தாட்சி தலையை ஆட்டினாரா இல்லையா என்பது அவருக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் நினைவுக்கு வந்தது. மேஜையில் குனிந்து பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். "பார்த்தவர் சொன்னார் என்று கேட்டவர் சொன்னார், கேட்டவர் சொன்னார் என்று நாம் கும்பிடுகிறோம்" என்ற வரி அப்போதுதான் வசமாக வந்து விழுந்தது. தலைக்கு மேலே மெஷின்காரனின் குரல் கேட்டது: "மூணாவது ஈடு மாமா. கறுத்திடுச்சு. ஒட்டிக்கோங்க." மெஷின்காரன் அவர் மனைவியின் தம்பி. அவன் நீட்டிய சீட்டைப் பின்பக்கம் திருப்பாமல், பசை தடவி ஒட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த வரிக்கே திரும்பிப் போய்விட்டார்.

பதிவேட்டில் வியாழக்கிழமைப் பக்கம் திறந்திருந்தது. மூன்றாம் சீட்டின் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவர் கட்டைவிரல் நகத்தை அந்த மூலைக்கு அடியில் நுழைத்தார். பசை காய்ந்து முறுகியிருந்தது. மெதுவாகத் தள்ளினார். மேலே மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றியது. சீட்டு பாதி உரிந்ததும் குனிந்து, இருமுவது போலக் கையை மறைத்துக்கொண்டு, அடியில் பார்த்தார்.

இரண்டு. அக்கா போடுகிற இரண்டு. வாத்துக் கழுத்தை வரைந்துவிட்டு வாலை மறந்துபோன மாதிரி இருக்கும். இந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரும் அப்படிப் போடமாட்டார்கள். மேல் வரியில், இரண்டாம் ஈட்டுக்கு, இரண்டாம் ஈட்டின் சீட்டு தன் பாட்டுக்கு ஒட்டியிருந்தது. அப்படியானால் இது அதன் ஜோடி. தூக்கி எறிந்திருக்க வேண்டிய கதவோரச் சீட்டு.

சீட்டை அமுக்கி மூடினார். வாயைத் திறக்க அது நல்ல சமயம். திறக்கவில்லை.

"மூணு மணிக்கு ரெண்டு உறையும் தயாரா இருக்கட்டும்," என்று பெரிய டாக்டர் எழுந்தார். "நாளையிலிருந்து ஆபரேஷன் மறுபடி முழுசா ஆரம்பிக்குது. காலையில ரெண்டு ஈடு ஆயிடுச்சு, மூணாவதையும் இன்னைக்கே போட்டுடுங்க. அந்த டிரைவருக்கு ஏதாவது ஆச்சுன்னா விஷயம் போலீசுக்குப் போகும். அதுக்கு முன்னாடி நம்ம காகிதம் போய்ச் சேரணும்."

மாடிப்படித் திருப்பத்தில் மெஷின்காரன் அவரைப் பிடித்துக்கொண்டான். "என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

அத்தாட்சி பதிவேட்டைத் திறந்து, உரிந்த சீட்டைத் திருப்பிக் காட்டினார். அவன் பார்த்தான். பார்த்துவிட்டு மேலும் கீழும் படிகளைப் பார்த்தான்.

"மூணாவது ஈட்டோட சீட்டு எங்கடா?"

"சாம்பலா இருந்துச்சு மாமா. முழுக்க இல்ல, பாதிதான். தியேட்டர்லேர்ந்து போன் மேல போன். மறுபடி போட்டா ஒரு மணி நேரம். ரெண்டாவது ஈட்டுச் சீட்டு சட்டைப் பையில இருந்துச்சு..."

"எதனால பாதி?"

"கதவு ரப்பர். மூணாவது ஈடு வர்றதுக்குள்ள சூடேறி நெகிழ்ந்துடுது. ஓரத்துல புஸ்ஸுனு கொஞ்சம் ஆவி போகுது. கொஞ்சம்தான். ரப்பர் வேணும்னு கேட்டா, இத்தனை நாள் என்ன பண்ணினேன்னு என்னைத்தான் பிடிப்பாங்க. சாமி மேல பாரத்தைப் போட்டுட்டேன்."

"எந்த சாமி மேல?"

"மூணு பேருந்தான் இருக்காங்களே."

இருந்தார்கள். மெஷின் கதவில் மூன்று மதத்துப் படங்களையும் வரிசையாக ஒட்டி வைத்திருந்தான். யாருக்கும் மனவருத்தம் வேண்டாம், யார் கை கொடுத்தாலும் சரி என்பது அவன் கொள்கை. அவை அழுத்தமானியின் முள்ளை மறைக்கின்றன என்று அத்தாட்சி ஒரு தடவை எழுதிக்கூடக் கொடுத்திருந்தார். படங்களை ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினான்.

"அக்கா தலையில விழப்போகுதுடா."

"அவங்களை வேற பிரிவுக்கு மாத்துவாங்க. அவ்வளவுதான். எனக்கு அடுத்த மாசம் வேலை நிரந்தரமாகுது மாமா." அவன் குரல் தணிந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தது. "என்னை மட்டும் நிக்க வச்சுக் கேக்கறீங்க. திருப்பிப் பார்க்காம ஒட்டினது யாரு? கையெழுத்து யாருது? சாமியைக் காட்டு காட்டுன்னு ஊரையே கேக்கறீங்களே, ஒரு துண்டுக் காகிதத்தைத் திருப்பிப் பார்க்க முடியலையா உங்களால?"

அத்தாட்சி பதிவேட்டை மூடினார். அவன் இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனான்.

தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டரை. போன் அடித்தது. மனைவி.

"தம்பி போன் பண்ணினான். பேச முடியாம அழறான். என்னத்தை எழுதப் போறீங்க?"

"நடந்ததை."

"அவனை நான் இடுப்புல வச்சு வளத்தவ. அம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"நீங்கதான் யாரையும் நம்பமாட்டீங்களே. இந்த ஒரு தடவை அவனை நம்புங்க. இனிமே பண்ணமாட்டான்."

"நம்பினதாலதான் இந்த வினை," என்றார் அத்தாட்சி. மறுமுனையில் போன் வைக்கப்பட்ட சத்தம்.

வெள்ளைத் தாளை எடுத்து, வலது மூலையில் தேதி போட்டார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. தாளில் தேதியைத் தவிர ஒன்றும் இல்லாமல் அரை மணி போயிற்று. ஆபரேஷன் அறை நர்ஸ் மூட்டையை நம்பினாள், ஏனென்றால் பதிவேடு சொன்னது. பதிவேடு அத்தாட்சியை நம்பியது. அத்தாட்சி மச்சானை நம்பினார். மச்சான் கதவில் ஒட்டிய மூன்று படங்களை நம்பினான். டிரைவர் இவர்கள் அத்தனை பேரையும் நம்பி மயக்க மருந்துக்கு மூக்கைக் கொடுத்தார். நோட்டில் மதம் மதமாக அவர் வரைந்து வைத்திருந்த சங்கிலி இதுதான். ஒவ்வொருவரும் முந்தினவரைக் காட்டுவார்கள். முதல் ஆளிடம் போய்ச் சேர்ந்தால் அங்கே பார்த்தவர் யாரும் இருக்கமாட்டார். அந்தச் சங்கிலியில் தானும் ஒரு கண்ணியாக, அதுவும் கையெழுத்தோடு, தொங்குவார் என்று எந்தப் பத்தியிலும் அவர் எழுதியதில்லை.

கீழே மூன்றாம் ஈட்டுக்கு நேரமாகியிருந்தது. பதிவேட்டை இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

மூட்டை கட்டும் மேஜையில் அக்கா கத்தரிக்கோல்களை எண்ணித் துணியில் வைத்துக்கொண்டிருந்தாள். மேஜையின் கீழ் அவளுடைய தொழுகை விரிப்பு சுருட்டி வைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் கை நின்றது.

"சார், ஒண்ணு சொல்லணும். காலையில டாக்டர் கேட்டப்ப அடிச்சுச் சொல்லிட்டேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

"என்ன சந்தேகம்?"

"காயறதுக்கு முன்னாடி எடுத்துட்டேனோன்னு. தொட்டுப் பார்த்த ஞாபகம் இருக்கு. காய்ஞ்சிருந்த ஞாபகமும் இருக்கு. ஆனா நீங்க கறுத்ததுன்னு எழுதியிருக்கீங்களே. நீங்க பார்க்காம எழுதமாட்டீங்க. அப்ப தப்பு என் பக்கம்தானே இருக்கணும்? அந்த டிரைவர் பொண்டாட்டியைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டுட்டு வரலாமான்னு யோசிக்கறேன்."

தன் கையால் தொட்டுப் பார்த்ததை இவள் கைவிடுகிறாள். அவர் பார்க்காததை நம்பி.

"போகாதீங்க," என்றார். "இப்ப ஒண்ணும் போகாதீங்க. இந்த ஈட்டைப் பார்த்துட்டுப் பேசுவோம்."

மெஷின் அறையில் ஆவி வாடையும் சூடான துணி வாடையும் கலந்து முகத்தில் அடித்தது. மெஷின்காரன் கதவின் முன்னால் நின்றான். மூன்று படங்களும் வியர்த்திருந்தன. அழுத்தமானியின் முள் பச்சைக் கோட்டில் நிற்பதும் நடுங்கி இறங்குவதுமாக இருந்தது.

"ரப்பரை இழுத்துக் கட்டியிருக்கேன் மாமா. இன்னைக்குச் சரியா வரும் பாருங்க."

"பார்க்கத்தான் வந்தேன்."

பின்னாலேயே வந்த அக்காவோடு இருபது நிமிஷம் மூவரும் காத்திருந்தார்கள். அக்கா உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். மெஷின்காரன் ஒவ்வொரு படமாகப் பார்த்தான். அத்தாட்சி கதவின் கீழ் விளிம்பைப் பார்த்தார். அங்கே, இரண்டு விரல் அகலத்தில், சத்தமில்லாமல் ஒரு வெண்புகை கசிந்துகொண்டிருந்தது. சீட்டு கறுத்திருக்கட்டும் என்று தன் மனசும் யாரையோ கேட்டுக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். யாரை என்று பெயர் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்பது நிற்கவில்லை.

மணி அடித்தது. கதவைத் திறந்து, ஈரம் காய விட்டு, மெஷின்காரன் கையை நீட்டினான். அத்தாட்சி அவனைத் தள்ளிவிட்டு, தானே கையுறை மாட்டிக்கொண்டு நட்டநடு மூட்டையை எடுத்தார். முடிச்சை அவிழ்த்துச் சீட்டை வெளியே இழுத்தார். முதலில் பின்பக்கம் திருப்பினார். மூன்று. பிறகு முன்பக்கம்.

பாதிவரை கறுப்பு. மீதிப் பாதி சாம்பல்.

"மாமா," என்றான் மெஷின்காரன்.

அத்தாட்சி சுவரோரம் போய் மெஷினின் மெயின் சுவிட்சை இறக்கினார். அறை சட்டென்று அமைதியாயிற்று. "இந்த மூட்டை ஒண்ணுகூட மேல போகக் கூடாது அக்கா. அன்னைக்கும் இப்படித்தான் இருந்திருக்கு. நீங்க காய விட்டுத்தான் எடுத்தீங்க. உங்க கை சொன்னதுதான் சரி. நான் பார்க்காம எழுதிட்டேன்."

அக்கா சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் எதிர்பார்த்தது கோபம். அவள் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டாள்.

இரண்டரைக்குப் பெரிய டாக்டரிடம் போய், பதிவேட்டிலிருந்து உரித்ததும் இன்றையதுமாக இரண்டு சீட்டையும் மேஜையில் வைத்து விவரத்தைச் சொன்னார். டாக்டர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதை எழுதினா உங்க சர்வீஸ் என்னாகும்னு தெரியுமா? ரெண்டு வருஷத்துல ஓய்வு. யோசிங்க சார். நான் ஒண்ணும் பார்க்கலை, நீங்க ஒண்ணும் காட்டலை. மெஷினை இன்னைக்கே ரிப்பேர் பண்ணிடலாம்."

"மேல இருக்கறவன் பார்த்துட்டுத்தான் இருக்கான்னு காலையில சொன்னீங்களே டாக்டர்."

"உங்களுக்குத்தான் அவன் இல்லையே."

"அதனாலதான். அவன் எழுதுவான்னு விட முடியாது. நான்தான் எழுதணும்."

டாக்டர் தன் அறிக்கையை எடுத்தார். கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. இழுப்பறையில் போட்டு மூடினார். "என் உறை நாளைக்குப் போகட்டும். உங்க உறை உங்க இஷ்டம்."

மேஜைக்குத் திரும்பி, தேதி போட்ட தாளை எடுத்து, எப்போதும் போல எண் போட்டு எழுதினார். ஒன்று: வியாழக்கிழமை மூன்றாம் ஈட்டின் சீட்டை நான் பார்க்கவில்லை. இரண்டு: "கறுத்தது" என்று எழுதிய கையெழுத்து என்னுடையது. மூன்று: ஒட்டியிருந்தது இரண்டாம் ஈட்டின் கதவோரச் சீட்டு, பின்பக்கத்து எண்ணைக் காண்க. நான்கு: அதைக் கொடுத்தவர் மெஷின் ஓட்டுநர், அவர் என் மனைவியின் தம்பி. ஐந்து: மூட்டை கட்டும் பணியாளர் மீது தவறில்லை. ஆறு: இன்றைய மூன்றாம் ஈட்டின் நடுச் சீட்டை என் கண்ணால் பார்த்தேன், இத்துடன் இணைத்துள்ளேன். மெஷினை நிறுத்தியிருக்கிறேன்.

நாலாவது எண்ணை எழுதும்போது பேனா இரண்டு தடவை நின்றது. எழுதி முடித்து நிமிர்ந்தால் மெஷின்காரன் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"என் பேரும் இருக்கா மாமா?"

"இருக்கு. உனக்கு மேல என் பேரு இருக்கு."

அவன் நகரவில்லை. மேஜை மேல் போன் அடிக்க ஆரம்பித்தது. வீட்டு எண். இருவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

அத்தாட்சி இரண்டு சீட்டையும் கடிதத்தில் குண்டூசியால் குத்தி, மூன்றாக மடித்து, உறையில் போட்டார். ஓரத்தில் பசை தடவி, மூடி, உள்ளங்கையால் மூன்று தடவை அழுத்தினார். போன் நின்று மறுபடி அடித்தது.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசல் ஜன்னலுக்குத் தபால் எடுப்பவர் வந்தார். வாரா வாரம் இவரிடம் கடிதம் வாங்கிப் பழகினவர்.

"என்ன சார், இன்னைக்கும் சாமிக்கு எதிராத்தானா?"

"இல்லை," என்றார் அத்தாட்சி. "எனக்கு எதிரா."

தபால்காரர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். முகவரியைப் படித்ததும் சிரிப்பை நிறுத்தினார். உறையைக் கையில் நிறுத்திப் பார்த்து, பதிவு முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்து நீட்டினார். பிறகு உறையைப் பைக்குள் போட்டு, பையின் வாயை இழுத்துக் கட்டி, சைக்கிளில் ஏறினார்.